மருந்துச் சீட்டுவரை வந்தவர் திரும்பிப் போவது ஏன்? அமெரிக்க லத்தீனோக்களும் மனச்சோர்வுச் சிகிச்சையும்

அமெரிக்காவில் லத்தீனோக்கள் என்று சொல்லப்படுவோர் 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி சுமார் 6.2 கோடிப் பேர். நாட்டில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவர். மெக்சிகோ, புவேர்ட்டோ ரிக்கோ, கியூபா, எல் சால்வடார், டொமினிக்கன் குடியரசு என்று பல இடங்களில் வேர் உள்ளவர்கள்; பாதிக்கு மேல் மெக்சிகோ வழியினர். நாலு தலைமுறையாக டெக்சாஸில் இருப்பவரும், போன மாதம் எல்லை தாண்டி வந்தவரும் இந்த ஒரே பெயருக்குள் அடக்கம். ஆகவே "லத்தீனோக்கள் இப்படித்தான்" என்று தொடங்கும் எதையும் கொஞ்சம் சந்தேகத்தோடு படிப்பது நல்லது, இந்தக் கட்டுரையையும் சேர்த்து.

இவர்களிடம் மனச்சோர்வு மற்றவர்களைவிட மிக அதிகம் என்று கணக்குகள் சொல்லவில்லை. சிகிச்சைதான் குறைவு. மத்திய அரசின் 2021 ஆய்வில், மனநலப் பாதிப்பு உள்ள பெரியவர்களில் அந்த ஓராண்டுக்குள் ஏதாவது சிகிச்சை பெற்றவர்கள் வெள்ளையரில் 52%, லத்தீனோக்களில் 36%. (அதே பட்டியலில் ஆசியர்கள் 25%. அமெரிக்கத் தமிழர்களும் அந்தக் கணக்கில்தான் வருகிறார்கள் என்பதால், இதை யாரோ எவரோ கதையாகப் படிக்க வேண்டியதில்லை.) அதற்கு இருபது ஆண்டு முன்பு நிலைமை இன்னும் மோசம். 2001-இல் நாட்டின் தலைமை மருத்துவ அதிகாரியாக இருந்த டேவிட் சாட்சர் வெளியிட்ட அறிக்கை, மனநோய் உள்ள லத்தீனோக்களில் பதினொருவரில் ஒருவர்கூட மனநல நிபுணரிடம் போவதில்லை என்றது. குடியேறி வந்தவர்களை மட்டும் எடுத்தால் இருபதில் ஒருவர்கூட இல்லை.

ஏன் என்று கேட்டால் எல்லோர் வாயிலும் முதலில் வருவது களங்கம், அதாவது ஸ்டிக்மா. அது பாதி உண்மை. அந்தப் பாதியை முதலில் பார்ப்போம்.

களங்கம் என்றால் என்ன

சமூகவியலாளர் எர்விங் காஃப்மன் 1963-இல் இதைப் பற்றி எழுதியபோது சொன்னதன் சாரம் இது: ஒருவரிடம் உள்ள ஏதோ ஓர் அடையாளம், அவரைப் பற்றிய மற்ற எல்லாவற்றையும் மறைத்துவிட்டு அவரை மதிப்புக் குறைந்தவர் ஆக்கிவிடுகிறது. நல்ல தச்சர், நல்ல தகப்பன், நன்றாகப் பாடுபவர் என்பதெல்லாம் போய், "அவருக்கு மூளை சரியில்லை" என்பது மட்டும் மிஞ்சும். பிற்காலத்தில் பேட்ரிக் காரிகன் போன்ற உளவியலாளர்கள் இதைப் பிரித்துக் காட்டினார்கள். ஊர் என்ன நினைக்கிறது என்பது ஒன்று. ஊர் நினைப்பதையே நோயாளியும் நம்பி, "நான் பலவீனமானவன்" என்று தன்னைத்தானே மட்டமாக எண்ணுவது இன்னொன்று. சட்டமும் காப்பீடும் மனநோயை மற்ற நோய்களுக்கு ஒரு படி கீழே வைப்பது மூன்றாவது. இவற்றோடு ஒட்டி வருவது, முத்திரை விழாமல் தப்பிப்பது. மருத்துவமனைப் பக்கம் போனால்தானே நோயாளி என்ற பெயர் வரும்? போகாவிட்டால் பெயரும் இல்லை. வெளியிலிருந்து பார்க்க இது அறியாமை மாதிரி தெரியும். உள்ளே இருப்பவருக்கு இது ஒரு கணக்கு.

மனச்சோர்வைப் பற்றி இரண்டு வரி போதும். இரண்டு வாரத்துக்கு மேல், ஏறக்குறைய தினமும், மனம் கனத்துக் கிடப்பது அல்லது எதிலும் பிடிப்பில்லாமல் போவது. கூடவே தூக்கம், பசி, கவனம், உடல் வலு ஆகியவற்றில் கோளாறு. சிலருக்குச் சாகலாம் என்ற எண்ணம். ஆனால் லத்தீனோ நோயாளிகள் பலர் குடும்ப மருத்துவரிடம் வரும்போது இவற்றை இந்த வரிசையில் சொல்வதில்லை. தலைவலி, முதுகுவலி, நெஞ்சு படபடப்பு, உடம்பெல்லாம் அசதி என்று உடம்பிலிருந்துதான் பேச்சு தொடங்கும். அவசரத்தில் இருக்கும் மருத்துவர் வலி மாத்திரை எழுதிக் கொடுத்து அனுப்பிவிட வாய்ப்பு அதிகம்.

நெர்வியோஸ் உண்டு, லோகோ இல்லை

ஸ்பானிய மொழி பேசும் வீடுகளில் மன வேதனைக்கு ஒரு கௌரவமான இடம் இருக்கிறது. அதன் பெயர் நெர்வியோஸ். கவலை, நடுக்கம், எரிச்சல், தூக்கமின்மை, அழுகை எல்லாம் அதில் அடங்கும். கணவன் வேலை இழந்தான், மகன் சிறைக்குப் போனான், ஊரில் அம்மா செத்துப்போனாள், அதனால் அவளுக்கு நெர்வியோஸ் என்றால் யாரும் முகம் சுளிக்க மாட்டார்கள். மூலிகைத் தேநீர் போட்டுக் கொடுப்பார்கள், கூட உட்கார்ந்து ஜெபிப்பார்கள். சிலர் குராந்தேரோ எனப்படும் நாட்டு வைத்தியரிடம் கூட்டிப்போவார்கள்.

இதிலேயே உச்சமான ஒன்று உண்டு: அத்தாகே தெ நெர்வியோஸ். சாவுச் செய்தி மாதிரி ஏதாவது ஒன்று வந்து மோதியதும் கத்துவது, அடக்க முடியாமல் அழுவது, நடுங்குவது, நெஞ்சிலிருந்து தலைக்குச் சூடு ஏறுவது, சில சமயம் மயங்கி விழுவது. 1950-களில் அமெரிக்க ராணுவ மருத்துவர்கள் புவேர்ட்டோ ரிக்கோ வீரர்களிடம் இதைப் பார்த்துவிட்டு 'புவேர்ட்டோ ரிக்கோ நோய்க்குறி' என்று பெயர் வைத்தார்கள். ஒரு தீவு மக்களின் துக்கத்துக்கே நோய்ப் பெயர்! பீட்டர் குவார்னாச்சியா போன்ற மானுடவியலாளர்கள் புவேர்ட்டோ ரிக்கோவில் செய்த பணிக்குப் பிறகுதான், அது அந்தப் பண்பாட்டில் வேதனை வெளிப்படும் ஒரு வழி என்ற புரிதல் வலுப்பட்டது. 1994-இல் வந்த அமெரிக்க மனநோய்க் கையேட்டின் நான்காம் பதிப்பில், பண்பாடு சார்ந்த நிலைகளின் பட்டியலில் அது இடம்பெற்றது.

லோகோ வேறு. லோகோ என்றால் பைத்தியம்: தெருவில் தனக்குத்தானே பேசிக்கொண்டு போகிறவர், குடும்பத்தால் ஒளித்து வைக்கப்படுகிறவர். இரண்டுக்கும் நடுவே உள்ள கோடு மிக மெல்லியது. அதைத் தாண்ட வைப்பது, பலர் பார்வையில், மனநல மருத்துவரின் வாசல்தான். நெர்வியோஸ் உள்ள பெண்ணுக்கு அக்கம்பக்கம் ஆறுதல் சொல்லும். அவளே மனநல மருத்துவரிடம் போனால் அவளுக்குப் பைத்தியம் என்று பேசும். நோய் அதேதான்; எந்தக் கதவைத் தட்டினாள் என்பதில்தான் அவள் பெயர் மாறுகிறது.

குடும்பம்

லத்தீனோ வாழ்க்கையைப் பற்றி எழுதுகிறவர்கள் எல்லாரும் ஃபமிலிஸ்மோவுக்கு வந்து சேருவார்கள். தனி மனிதரைவிடக் குடும்பம் பெரிது, முடிவுகள் குடும்பத்தோடு எடுக்கப்படும், கஷ்டம் வந்தால் முதலில் குடும்பம். கூடவே ஒரு பழமொழி: அழுக்குத் துணியை வீட்டுக்குள்தான் துவைக்க வேண்டும். அம்மாவின் மனச்சோர்வு வெளியே தெரிந்தால் மகளின் கல்யாணம் வரை பேச்சு போகும் என்ற பயம் அந்தப் பழமொழிக்குள் இருக்கிறது. ஆண்களுக்கு மச்சிஸ்மோ: அழாதே, தாங்கிக்கொள். பெண்களுக்கு மரியானிஸ்மோ: கன்னி மரியாளைப் போலத் தனக்கென எதுவும் கேட்காமல் எல்லாரையும் சுமந்துகொண்டு போ. இரண்டு பேரிடமும் கேட்கப்படுவது ஒன்றுதான்: பொறுத்துக்கொள்.

ஆனால் குடும்பத்தைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றிவிட்டு நகர்ந்துவிட முடியாது. 1998-இல் வில்லியம் வேகாவும் சக ஆய்வாளர்களும் கலிஃபோர்னியாவின் விவசாய மாவட்டமான ஃப்ரெஸ்னோவில் சுமார் 3,000 மெக்சிகோ வழியினரை ஆராய்ந்து வெளியிட்ட முடிவு பலரைத் திகைக்க வைத்தது. வாழ்நாளில் ஏதாவது ஒரு மனநலக் கோளாறு வந்தவர்கள், அமெரிக்காவிலேயே பிறந்தவர்களில் 48%. மெக்சிகோவிலிருந்து வந்தவர்களில் 25%தான். வறுமை, கடும் உழைப்பு, மொழி தெரியாத ஊர் எல்லாம் இருந்தும் குடியேறியவர்கள் நலமாக இருந்தார்கள். அவர்கள் பிள்ளைகளுக்கும் பேரப்பிள்ளைகளுக்கும் அந்தப் பாதுகாப்பு கரைந்தது. குடும்பக் கட்டு இறுக்கமாக இருப்பது ஒரு காரணமாக இருக்கலாம் என்பது பலர் கருத்து. எல்லா லத்தீனோக்களுக்கும் இது பொருந்தாது என்பதையும் சொல்லியாக வேண்டும்; பிறப்பாலேயே அமெரிக்கக் குடியுரிமை உள்ள புவேர்ட்டோ ரிக்கோ மக்களிடம் கோளாறுகளின் விகிதம் பொதுவாக அதிகம்.

அதாவது நோய் வராமல் காப்பதும், வந்த பிறகு வெளியே சொல்ல விடாமல் தடுப்பதும் ஒரே குடும்பம்.

மாத்திரை

களங்கம் மருத்துவமனை வாசலில் நிற்பதாகத்தான் பலர் நினைக்கிறோம். வாசலைத் தாண்டிவிட்டால் பிரச்சினை முடிந்தது என்றும் நினைக்கிறோம். எனக்கு இந்த விஷயத்தில் மிக முக்கியமாகப் படுவது வேறு: களங்கம் மருந்துக் குப்பியோடு சேர்ந்து வீட்டுக்குப் போகிறது.

நியூ ஜெர்சியில் மனச்சோர்வு மருந்து எடுத்துக்கொண்டிருந்த லத்தீனோக்களிடம் பேசி, அலெஹாந்த்ரோ இந்தெரியானும் மற்றவர்களும் 2007-இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். இவர்கள் ஏற்கெனவே சிகிச்சைக்கு வந்தவர்கள் என்பதைக் கவனியுங்கள். மனச்சோர்வு என்று சொல்வதையாவது பொறுத்துக்கொள்ளலாம், மாத்திரை சாப்பிடுகிறேன் என்பதைத்தான் சொல்ல முடியவில்லை என்ற தொனி அந்தப் பேச்சுகளில் இருந்தது. மாத்திரை என்றால் நோய் முற்றிவிட்டது என்று அர்த்தம். மாத்திரை என்றால் பிரச்சினையைத் தானே சமாளிக்கத் திராணி இல்லை என்று அர்த்தம். மாத்திரை என்றால் போதைப் பொருள், விட முடியாது. பக்கத்திலிருப்பவர்கள் அக்கறையோடுதான் சொல்கிறார்கள்: "உன் பங்குக்கு நீயும் முயற்சி பண்ணு, இதெல்லாம் வேண்டாம்."

வேகா குழுவினர் 2010-இல் வெளியிட்ட இன்னோர் ஆய்வு, ஏழ்மையான, ஸ்பானிய மொழி பேசும் நோயாளிகளைப் பற்றியது. களங்க உணர்வு உள்ளவர்கள் வீட்டில் நோயைச் சொல்வதும் குறைவு, மருந்து எடுப்பதும் குறைவு, மருத்துவர் கொடுத்த நாளில் வராமல் போவது அதிகம் என்று தெரிந்தது.

இதை ஒரு கற்பனை ஆளை வைத்துப் பார்க்கலாம். பேக்கரியில் வேலை செய்யும், ஐம்பதை நெருங்கும் ஒரு பெண். மருத்துவர் மாத்திரை எழுதிக் கொடுத்திருக்கிறார். குளியலறை அலமாரியில் வைத்தால் மருமகள் பார்ப்பாள், ஆகவே கைப்பையில். காலையில் எல்லாரும் கிளம்பிய பிறகு ஒன்று. முதல் வாரம் குமட்டல், தூக்கம் கலைகிறது. மனம் கொஞ்சமும் தேறவில்லை. யாரிடம் கேட்பது? நோயையே சொல்லாதபோது பக்க விளைவை எப்படிச் சொல்வது? பத்தாம் நாள் நிறுத்திவிடுகிறாள். அடுத்த முறை யாராவது மாத்திரையைப் பற்றிக் கேட்டால் "எனக்கு ஒத்துக்கவில்லை" என்பாள். அது பொய்யும் இல்லை.

அவளுக்கு யாரும் சொல்லாமல் விட்டவை இவை. மனச்சோர்வுக்கு இன்று பெரும்பாலும் முதலில் தரப்படும் எஸ்எஸ்ஆர்ஐ வகை மருந்துகளின் பலன் தெரிய இரண்டு முதல் நான்கு வாரம், சிலருக்கு ஆறு எட்டு வாரம்கூட ஆகும்; பக்க விளைவோ முதல் நாளிலிருந்தே வரலாம். குமட்டல் போன்றவை பலருக்குச் சில வாரங்களில் தணிந்துவிடும். மதுவைப் போல, ஓபியாய்டு வலி மருந்துகளைப் போல வெறி பிடித்துத் தேட வைக்கும் பழக்கத்தை இவை உண்டாக்குவதில்லை. ஆனால் திடீரென்று நிறுத்தினால் தலைசுற்றல், எரிச்சல், தூக்கக் கோளாறு வரும். அதனால்தான் மருத்துவர் மேற்பார்வையில் படிப்படியாகக் குறைக்கச் சொல்கிறார்கள். மனம் தேறிய பிறகும் குறைந்தது ஆறு மாதம் தொடர்ந்தால் நோய் திரும்பும் வாய்ப்பு குறையும். 25 வயதுக்குட்பட்டவர்களுக்குத் தொடக்க வாரங்களில் தற்கொலை எண்ணம் கூடுகிறதா என்று கவனிக்க வேண்டும் என்ற எச்சரிக்கையும் மருந்துப் பெட்டியிலேயே உண்டு.

மாத்திரை பிடிக்காதவர்களை அசடுகள் என்று ஒதுக்கவும் கூடாது. அமெரிக்க நோயாளிகளிடம் நடத்தப்பட்டு 2003-இல் வெளியான ஓர் ஆய்வில், வெள்ளையர்களோடு ஒப்பிட்டால் லத்தீனோக்கள் மருந்தைக் குறைவாகவும் பேச்சு வழிச் சிகிச்சையை அதிகமாகவும் ஏற்றுக்கொண்டார்கள். மிதமான மனச்சோர்வுக்குப் பேச்சுச் சிகிச்சை மருந்துக்கு இணையாக வேலை செய்யும் என்பதால் அது முழுக்க நியாயமான விருப்பம். அவர்கள் மொழியில் பேசும் சிகிச்சையாளர் கிடைக்க வேண்டுமே!

மீதிப் பாதி

அங்கேதான் களங்கம் பாதிக் காரணம்தான் என்று சொன்னதற்கு வருகிறேன். அமெரிக்க உளவியல் கழகத்தின் 2015 கணக்கில், ஸ்பானிய மொழியில் சிகிச்சை தரக்கூடிய உளவியலாளர்கள் சுமார் 5% பேர்தான். மருத்துவக் காப்பீடு இல்லாதவர்கள் அதிகமுள்ள பிரிவுகளில் லத்தீனோக்களும் அடங்குவர். 1996-இன் சட்டப்படி, சட்டபூர்வமாகக் குடியேறிய பெரியவர்களில் பெரும்பாலோர் அரசின் மெடிகெய்ட் காப்பீட்டுக்கு ஐந்தாண்டு காத்திருக்க வேண்டும்; ஆவணம் இல்லாதவர்களுக்கு அவசர சிகிச்சை தவிர அநேகமாக எதுவும் இல்லை. 2019-இல் அரசு உதவி பெற்றால் நிரந்தர வசிப்புரிமை கிடைக்காமல் போகலாம் என்ற விதி கடுமையாக்கப்பட்டபோது, அந்த விதிக்கு உட்படாதவர்கள்கூட உதவிகளைக் கைவிட்டார்கள். 2021-இல் அந்தக் கடுமை போனது. பயம் அவ்வளவு சீக்கிரம் போகவில்லை.

மருத்துவர் அறையில் நடக்கும் ஒன்றைச் சொன்னால் போதும். மனச்சோர்வைக் கண்டறிய உலகெங்கும் பயன்படும் பிஎச்கியூ-9 என்ற ஒன்பது கேள்விப் படிவம் உண்டு. ஒவ்வொரு கேள்விக்கும் 0 முதல் 3 வரை மதிப்பெண், மொத்தம் 27, பத்தைத் தொட்டால் மேலும் விசாரிக்க வேண்டும். அதன் ஒன்பதாவது கேள்வி, செத்துப்போனால் தேவலை என்றோ தன்னைக் காயப்படுத்திக்கொள்ள வேண்டும் என்றோ தோன்றியதா என்பது. ஆங்கிலம் மட்டும் தெரிந்த மருத்துவர், ஸ்பானிய மொழி மட்டும் தெரிந்த தாய், நடுவில் மொழிபெயர்க்கப் பள்ளியிலிருந்து லீவு போட்டு வந்திருக்கும் பன்னிரண்டு வயது மகள். ஒன்பதாவது கேள்வியை அந்தப் பிள்ளை அம்மாவிடம் கேட்க வேண்டும். எந்த அம்மா "ஆமாம்" என்பாள்? அவசர நிலை தவிரச் சிறுபிள்ளைகளை மொழிபெயர்ப்பாளராகப் பயன்படுத்தக் கூடாது என்று 2016-இல் மத்திய விதி வந்ததற்குக் காரணம் இதுபோன்றவைதான். படிவத்தில் அந்தக் கட்டத்தில் பூஜ்யம் விழும். பண்பாடு அவர்களைப் பேச விடவில்லை என்று பின்னால் யாராவது எழுதுவார்கள்.

பலன் தந்தவை

சான் ஃபிரான்சிஸ்கோ பொது மருத்துவமனையில் ரிகார்டோ முன்யோஸ் 1985-இல் தொடங்கிய மனச்சோர்வு மருத்துவப் பிரிவு, எண்ணங்களையும் பழக்கங்களையும் மாற்றப் பழக்கும் அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சையைக் குழு வகுப்பாக ஸ்பானிய மொழியிலேயே நடத்தியது. "சிகிச்சைக்குப் போகிறேன்" என்பதைவிட "வகுப்புக்குப் போகிறேன்" என்பது வீட்டில் சொல்ல எளிது.

லாஸ் ஏஞ்சலஸில் தென் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவர்கள் ஒரு ஃபோட்டோநொவேலா தயாரித்தார்கள். புகைப்படங்களை வரிசையாக அடுக்கி, பேச்சுக் குமிழி வைத்து, தொலைக்காட்சித் தொடர் பாணியில் கதை சொல்லும் மலிவுப் புத்தகம் அது. லத்தீன் அமெரிக்காவில் பல தலைமுறை படித்த வடிவம். மனச்சோர்வில் இருக்கும் ஒரு பெண், அவளைச் சுற்றியிருப்பவர்களின் சந்தேகங்கள், மருந்து அடிமையாக்குமா என்ற கேள்வி எல்லாம் அதில் வருகின்றன. வயதுவந்தோர் கல்விப் பள்ளிகளில் 157 பேரைப் பிரித்து, பாதிப் பேருக்கு இதையும் மற்றவர்களுக்குச் சாதாரணத் துண்டுப் பிரசுரத்தையும் கொடுத்துப் பார்த்தார்கள். 2013-இல் முடிவு வெளியானது: அறிவு இரண்டிலும் கூடியது; களங்கம் குறைந்தது ஃபோட்டோநொவேலா படித்தவர்களிடம்தான் அதிகம். அதை வீட்டில் மற்றவர்களுக்கும் படிக்கக் கொடுத்தார்கள். துண்டுப் பிரசுரத்தை யார் பக்கத்து வீட்டுக்குக் கொடுப்பார்கள்?

புரோமோத்தோரா என்று அழைக்கப்படும் பெண்கள் இன்னொரு வழி. அதே தெருவில் வாழ்ந்து, அதே தேவாலயத்துக்குப் போய், பயிற்சி பெற்று வீடு வீடாகச் சென்று உடல்நலம் பேசும் ஊழியர்கள் அவர்கள். பெரும்பாலும் நீரிழிவில் பேச்சு தொடங்கும், தூக்கத்துக்கு வரும், அதன் பிறகு மனத்துக்கு வரும்.

மனநலத்தைக் குடும்ப மருத்துவர் அலுவலகத்துக்குள்ளேயே கொண்டுவருவது, என் பார்வையில், எல்லாவற்றையும்விட நல்ல ஏற்பாடு. அங்கே ஒரு செவிலியரோ சமூகப் பணியாளரோ நோயாளியைத் தொடர்ந்து அழைத்து, மருந்து ஒத்துக்கொள்கிறதா என்று கேட்டு, மனநல மருத்துவரிடம் பின்னால் ஆலோசனை பெற்றுக்கொள்வார். 60 வயதுக்கு மேற்பட்ட 1,801 பேரிடம் இதைச் சோதித்து 2002-இல் வெளியிட்டார்கள். ஓராண்டில் நோய்க்குறிகள் பாதியாகக் குறைந்தவர்கள் 45%; வழக்கமான கவனிப்பில் 19%. அதில் இருந்த லத்தீனோ முதியவர்களுக்கும் பலன் கிடைத்தது. அந்தப் பேக்கரிப் பெண்ணுக்குப் பத்தாம் நாள் வந்திருக்க வேண்டிய போன் அழைப்பு இதுதான்.

ஆபத்தான நேரத்துக்கென 2022 ஜூலையிலிருந்து அமெரிக்கா முழுவதும் 988 என்ற எண் இருக்கிறது. 2-ஐ அழுத்தினால் ஸ்பானிய மொழியில் பேசலாம். (இந்தியாவில் இதைப் படித்துக்கொண்டிருப்பவர்களுக்கு டெலி-மானஸ் எண் 14416, தமிழிலும் பேசலாம்.) கிழக்கு வாஷிங்டனின் பண்ணைப் பகுதிகளில், ஊரிலிருந்து தூரத்தில் வசிக்கும் லத்தீனோ நோயாளிகளுக்குப் பேச்சுச் சிகிச்சை முழுவதையும் தொலைபேசியிலேயே ஸ்பானிய மொழியில் கொடுத்துப் பார்த்தார்கள். 2011-இல் வெளியான அந்தச் சிறு சோதனையில், வழக்கமான கவனிப்பில் இருந்தவர்களைவிட அவர்கள் ஆறு மாதத்தில் நன்றாகத் தேறியிருந்தார்கள். பெட்ரோல் செலவில்லை, வேலையில் அரை நாள் கூலி போகவில்லை, மருத்துவமனை வாசலில் யார் கண்ணிலும் படவும் இல்லை.